மதிய உணவுத் தட்டும் தொலைபேசிக் கட்டணமும்

அமெரிக்கப் பள்ளியொன்று தன் இணையக் கட்டணத்தில் எத்தனை விழுக்காட்டைத் தானே செலுத்த வேண்டும் என்பதை முடிவு செய்வது கம்பியின் நீளமோ கணினிகளின் எண்ணிக்கையோ அன்று. அப்பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருக்கிறார்கள் என்பதே முதன்மையான அளவுகோல். உணவுக்காக உருவான ஓர் எண் தொலைத்தொடர்புக்குள் நுழைந்த கதை, கடன் வாங்கிய அளவுகோல்கள் பற்றிய கதையுமாகும்.

1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 254ஆம் பிரிவு, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் தொலைத்தொடர்பைத் தள்ளுபடியில் வழங்க வகை செய்தது. செனட் உறுப்பினர்கள் ஒலிம்பியா ஸ்னோ, ஜே ராக்ஃபெல்லர் ஆகியோரின் முயற்சி இதன் பின்னே இருந்தது. பணம் அரசுக் கருவூலத்திலிருந்து வரவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் திரட்டப்பட்டது. நிறுவனங்கள் அதை வாடிக்கையாளரின் கட்டணச் சீட்டில் ஏற்றின. எதிர்ப்பாளர்கள் இதை, அன்றைய துணைக் குடியரசுத் தலைவரின் பெயரால், ‘கோர் வரி’ என்று ஏளனம் செய்தனர்.

சட்டம் தள்ளுபடி என்றதேயன்றி, அதைக் கணக்கிடும் முறையைச் சொல்லவில்லை. அப்பொறுப்பு கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தைச் சேர்ந்தது. ஏழ்மையை அளக்க நாடு முழுவதற்கும் பொதுவான, ஏற்கெனவே எண்ணப்பட்டுவரும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. 1946இல் ட்ரூமன் கையெழுத்திட்ட பள்ளி மதிய உணவுச் சட்டத்தின் வழிவந்த பதிவேடுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவச உணவு; 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் சலுகை விலை.

1997இல் ஆணையம் வகுத்த அட்டவணையில் ஆறு படிகள். தகுதியுள்ள மாணவர் 1 விழுக்காட்டுக்கும் குறைவெனில் நகர்ப்புறப் பள்ளிக்கு 20 விழுக்காடு தள்ளுபடி. 1 முதல் 19 வரை 40. 20 முதல் 34 வரை 50. 35 முதல் 49 வரை 60. 50 முதல் 74 வரை 80. 75க்கு மேல் 90. கீழ்ப்படிகளில் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சற்றுக் கூடுதல். மேல் இரு படிகளில் வேறுபாடு இல்லை.

படி என்றால் விளிம்பும் உண்டு. 400 மாணவர் பயிலும் நகர்ப்புறப் பள்ளியொன்றைக் கற்பனை செய்யலாம். 196 பேர் தகுதி பெற்றிருந்தால் 49 விழுக்காடு, தள்ளுபடி 60. மாதம் 1000 டாலர் கட்டணத்தில் பள்ளியின் பங்கு 400 டாலர். 200 பேர் தகுதி பெற்றால் தள்ளுபடி 80. பள்ளியின் பங்கு 200 டாலர். நான்கு குடும்பங்களின் விண்ணப்பத் தாள்கள் பள்ளியின் செலவைப் பாதியாக்கிவிடுகின்றன. அந்தத் தாள் திரும்பி வருமா என்பதோ வேறு காரணங்களைச் சார்ந்தது. இலவச உணவுக்காரர் என்று அறியப்பட நாணும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோரின் மேசையில் தாள் கிடந்துவிடும். வருமானக் கணக்கெடுப்பு நடத்திக்கொள்ள மாற்று வழி இருந்தது. அதுவும் தாளையே நம்பியது. ஏழ்மை மாறாமலேயே விழுக்காடு மாறக்கூடும்.

நூலகத்தின் நிலை இன்னும் விந்தையானது. நூலகத்தில் மதிய உணவு இல்லை. ஆகவே அது தான் அமைந்துள்ள பள்ளி மாவட்டத்தின் விழுக்காட்டைக் கடன் வாங்கியது. முதியோரும் வேலை தேடுவோரும் வந்தமரும் கட்டடத்தின் தேவை, அங்கு வராத சிறுவர்களின் உணவுத் தகுதியால் அளக்கப்பட்டது.

ஆண்டுக்கு 225 கோடி டாலர் என்ற உச்சவரம்பு இருந்ததால், விழுக்காடு வெறும் கட்டணக் குறைப்பாக நிற்கவில்லை. வரிசையில் இடமாகவும் ஆனது. கட்டடத்துக்குள் கம்பி இழுக்கும் பணிக்கான நிதி, ஏழ்மை மிகுந்த பள்ளியிலிருந்து கீழ்நோக்கி வழங்கப்பட்டது. பல ஆண்டுகளில் மேற்படியைத் தாண்டும் முன்னரே பணம் தீர்ந்தது. பத்தில் ஒரு பங்கை மட்டுமே பள்ளி செலுத்தியதால் விலையைப் பேரம் பேசும் ஆர்வமும் தளர்ந்தது. ஏலப் போட்டியைக் குலைத்த குற்றத்தை ஒரு நிறுவனம் 2004இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

2014இல் ஆணையம் இருவகை மாற்றங்களைச் செய்தது. உச்சவரம்பு 390 கோடி டாலராக உயர்ந்தது; உட்கட்டமைப்புக்கான தள்ளுபடி 85 விழுக்காட்டோடு நிறுத்தப்பட்டது. அதிகம் பேசப்படாத மாற்றம் கணக்கீட்டில் நிகழ்ந்தது: பள்ளிவாரிக் கணக்கு நீங்கி, மாவட்டம் முழுவதற்கும் ஒரே விழுக்காடு வந்தது. 500 மாணவரில் 400 பேர் தகுதியுள்ள பள்ளியும், 1500 பேரில் 200 பேர் தகுதியுள்ள பள்ளியும் ஒரே நகர்ப்புற மாவட்டத்தில் இருப்பதாகக் கொள்வோம். முன்பு முதற்பள்ளிக்கு 90, இரண்டாவதற்கு 40. இப்போது 2000இல் 600, அதாவது 30 விழுக்காடு, இரண்டுக்கும் 50. எழுத்தர்களின் வேலை குறைந்தது உண்மை. ஏழைப் பள்ளியின் ஏழ்மை சராசரிக்குள் மறைந்ததும் உண்மை.

அதே வேளையில் உணவுத் திட்டமும் மாறிக்கொண்டிருந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏழ்மை மிகுந்த பள்ளிகள் விண்ணப்பமே பெறாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக உணவளிக்கலாம். பசித்த பிள்ளைக்கு இது நன்று. எண்ணிக்கைக்கோ அடிப்படை போயிற்று. பிற உதவித் திட்டங்களின் பதிவேடுகளால் அடையாளம் காணப்பட்டவர்களை 1.6 ஆல் பெருக்கி வரும் தொகையைத் தள்ளுபடிக் கணக்கில் ஏற்க ஆணையம் முடிவு செய்தது. ஆக, எண்ணப்பட்ட பிள்ளைகளின் இடத்தில் மதிப்பிடப்பட்ட பிள்ளைகள் வந்தனர்.

நிதி திரட்டும் முறையே அரசியலமைப்புக்கு முரண் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் 6–3 என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. பணம் யாரிடமிருந்து வரலாம் என்பதே அங்கு வாதம். யாருக்கு எவ்வளவு என்று வகுக்கும் ஆறு படிகளும், 49க்கும் 50க்கும் இடையிலான அந்த விளிம்பும் வழக்கில் பேசுபொருளாகவில்லை.