கலத்தற் கணிதமும் அணுவுலைக் காப்பும்

வெந்நீரொடு தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் உடனே ஒன்றாகும் எனக் கருதுதல் இயல்பு. ஆயினும் அடர்த்தி மிக்க தண்ணீர் கீழே தாழ, அடர்த்தி குறைந்த வெந்நீர் மேலே படர்தலும் உண்டு. இவ்வெளிய உண்மை அணுவுலைக் காப்புக்கு இன்றியமையாததாகிய வரலாறு அறியத்தக்கது.

1883ஆம் ஆண்டில் மஞ்செஸ்ரரில் ஒஸ்போர்ண் ரெய்னோல்ட்ஸ் என்பார் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரிற் சாயத்தை இழையாகச் செலுத்தினார். ஓட்டம் மெதுவாயிருக்கையில் இழை நேரே சென்றது. வேகம் மிகவே, குலைந்து எங்கும் பரவியது. சீரோட்டம், கொந்தளிப்போட்டம் என்னும் வேறுபாடு இதனாற் புலனாயிற்று. 1920இல் லூயிஸ் பிரை றிச்சட்சன் வளிமண்டலத்தை ஆராய்ந்து, இலேசானது மேலும் கனமானது கீழுமாய் அடுக்குற்றவிடத்துக் கொந்தளிப்புத் தளரும் என்பதைக் கணித வாயிலாக விளக்கினார்.

இவ்வாராய்ச்சியின் பயன் பின்னரே தெரியலாயிற்று. 1978ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் தேதி, கலிபோர்ணியாவின் ராஞ்சோ செக்கோ அணுமின் நிலையத்திற் கட்டுப்பாட்டுப் பலகையினுள் மின்குமிழ் ஒன்று தவறி விழுந்தது. கருவிகள் பிழைபட்டன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உலைநீரின் வெப்பநிலை 300 பரனைற்றுப் பாகையளவு தாழ்ந்தது; அமுக்கமோ உயர்ந்தே நின்றது. உலைப்பாத்திரம் பிளக்கவில்லை. எனினும், பல்லாண்டு நியூத்திரன்களால் தாக்குண்டு நொறுங்குந் தன்மை எய்திய உருக்கு இத்தகைய அதிர்ச்சியைத் தாங்குமோ என்னும் ஐயம் வலுத்தது. 1985இல் அமெரிக்க அணு ஒழுங்காணையம் இதுபற்றித் தனிவிதி வகுத்தது. ஆபத்து வேளையிற் பாய்ச்சப்படும் குளிர்நீர் வெந்நீரொடு கலந்து சுவரை அடையுமோ, கலவாது தாரையாகவே சுவரைத் தழுவி இறங்குமோ என்பதே இங்கு உயிர்நிலையான வினா.

தொடக்கத்திற் கணக்கறிஞர் கொந்தளிப்பின் சராசரியையே கணித்தனர். அது போதாமையை 1998ஆம் ஆண்டு மே 12ஆந் தேதி பிரான்சின் சிவோ நிலையம் காட்டிற்று. சூடும் குளிரும் கலக்குமிடத்தை அடுத்த குழாய் வளைவு வெப்ப ஏற்றத்தாழ்வினாற் களைத்துப் பிளந்தது. மணிக்கு 30 கனமீற்றர் நீர் வெளியேறிற்று. சராசரி வெப்பநிலை குழாயைப் பிளக்கவில்லை. ஓயாத அலைவே பிளந்தது. ஆதலின், வானிலைக்கென ஜோசப் சிமகொரின்ஸ்கி 1963இல் வகுத்த நெறி கைக்கொள்ளப்பட்டது. பெருஞ் சுழிகளை நேரே கணித்து, சிறு சுழிகளை மட்டும் மதிப்பிடுவது அந்நெறி.

கணிப்பு மெய்யென்பதற்குச் சான்று வேண்டும். சுவீடனின் எல்வ்கார்லபி ஆய்வுகூடத்தில் 36 பாகை நீரும் 19 பாகை நீரும் ஒரு குழாய்ச் சந்தியிற் கலக்கவிடப்பட்டன. பல நாட்டு ஆய்வாளர் அளவீடுகளை அறியாமலே முன்கூட்டிக் கணித்து, 2010இல் ஒப்பிட்டனர். பரிசோதனையாற் பிறந்த அறிவு பரிசோதனையாலேயே உறுதிபெறும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.