திருவள்ளூர் லான்சர்: பந்தயக் குலத்தில் பிறந்து சிக்கனத்துக்கு வாழ்க்கைப்பட்ட கார்

பழைய கார் வாங்கப் போகிறவர் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை கை மாறியிருக்கிறது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும். நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. இந்த வண்டியைச் செய்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? முதல் மூன்று கேள்விகளுக்கும் தரகரே பதில் சொல்லிவிடுவார். நான்காவதற்கு வரலாற்றிடம்தான் போக வேண்டும். ஓட்டுவதற்கு உற்சாகமும் வேண்டும், அன்றாடம் வேலைக்குப் போய்வர எரிபொருள் சிக்கனமும் வேண்டும் என்று தேடுகிறவருக்கு இந்த நான்காவது கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை, திருவள்ளூரில் பிறந்த மிட்சுபிஷி லான்சரை முன்வைத்துப் பார்க்கலாம்.

சென்னையின் வடக்கும் வடமேற்கும் காருக்குப் புதிய இடங்கள் அல்ல. அசோக் லேலண்டின் முன்னோடியான அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் 1949-இலேயே ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. ஆனால் இப்பகுதியின் கார் வரலாற்றில் ஆலைகளுக்கு நிகரான இடம் ஓர் ஓடுதளத்துக்கும் உண்டு. செங்குன்றத்தைத் தாண்டி கும்மிடிப்பூண்டி நோக்கிப் போகும் பெருவழிச் சாலையில் உள்ள சோழவரம்தான் அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே அமைந்த விமான ஓடுதளம், போருக்குப் பின் பந்தயக்காரர்களின் கைக்கு வந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. கோவையின் கரிவரதன் போன்றவர்கள் பெயர் பெற்ற களம் அது. 1990-ஐ ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் அமைந்த பிறகே சோழவரம் ஓய்ந்தது.

சோழவரத்தில் ஓடியவற்றுள் பல, வீதியில் ஓடிய கார்களே. ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, எஞ்சினைத் தட்டிச் செதுக்கி, வேண்டாத எடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினார்கள். தேர்ந்தெடுக்க வேறு கார் இல்லாத காலம் அது. ஆகவே ‘ஸ்போர்ட்’ என்பது அன்றைய தமிழ்நாட்டில் காட்சிக்கூடத்தில் கிடைக்கிற பொருள் அன்று. மெக்கானிக்கின் கையில் கிடைக்கிற பொருள்.

அதைக் காட்சிக்கூடத்தில் விற்க முயன்ற முதல் பெருமுயற்சி பரிதாபமாக முடிந்தது. ஹெரால்டைச் செய்த சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம், 1985-இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரைக் கொண்டுவந்தது. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது பெற்ற வடிவம். உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின். குதிரையின் உருவத்துக்குள் மாட்டைப் பூட்டியதுபோல ஆயிற்று. வேகமும் இல்லை, சிக்கனமும் இல்லை, விலையோ மிக அதிகம். 1988-இல் ஆலையே நின்றது. வடிவத்தைப் பார்த்து வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். செய்தவர் மறைந்தபின் காரின் கதி என்ன என்பதற்குத் தமிழ்நாடு கண்ட பழைய பாடம் இது.

பத்தாண்டுகள் கழித்து, 1998-இல், திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் புதிய ஆலையில் மிட்சுபிஷி லான்சரைச் செய்யத் தொடங்கியது. வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசிடரை ஏறக்குறைய மாற்றமின்றிச் செய்துகொண்டிருந்த நிறுவனம், தமிழ்நாட்டில் ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்து முற்றிலும் வேறொரு காரைச் செய்தது என்பதே அன்று வியப்புக்குரியதாக இருந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல், இரண்டு லிட்டர் டீசல் என இரு எஞ்சின்கள். பின்சக்கரங்களுக்கும் தனித்தனியே இயங்கும் பல இணைப்புச் சஸ்பென்ஷன். வளைவில் சாலையைப் பற்றிக்கொள்ளும் அதன் திறனுக்கு இதுவே முதற்காரணம்.

அந்த ஆண்டில் இந்தக் காரின் பெயருக்கு உலக அளவில் இருந்த மதிப்பை இன்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பின்லாந்தின் டொம்மி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி வாகையர் ஆனார். நான்கும் லான்சர் எவல்யூஷனில். அவற்றுள் 1997-க்குப் பிந்தைய எவல்யூஷன்கள், திருவள்ளூரில் செய்யப்பட்ட அதே தலைமுறை லான்சரின் உடலின்மேல் எழுப்பப்பட்டவை. பனியிலும் சரளையிலும் பறந்த காரும், கடம்பத்தூர்ச் சாலையில் முதன்முதலாக உருண்ட காரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்கு டர்போ பூட்டிய இரண்டு லிட்டர் எஞ்சினும் நான்கு சக்கர விசையும்; மற்றொன்றுக்கு ஏறத்தாழ 85 குதிரைத்திறன் உள்ள சாதுவான பெட்ரோல் எஞ்சின்.

ஆனால் இந்தியாவில் லான்சருக்குப் பெயர் வாங்கித் தந்ததில் டீசலுக்குப் பெரும்பங்கு உண்டு. அன்று டீசல் விலை பெட்ரோலின் விலையில் பாதியை ஒட்டியே இருந்தது. உழவுக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் என்று அரசு தாழ்த்தி வைத்த விலை அது. அதன் பயனைச் சொகுசுக் காரும் சேர்ந்து அனுபவித்தது. லான்சரின் டீசலுக்கு டர்போ கிடையாது; மின்னணுக் கட்டுப்பாட்டுச் சிக்கல்களும் கிடையாது. ஏறக்குறைய 68 குதிரைத்திறன்தான். முந்திச் செல்லும்போது அதன் மந்தம் தெரியும். சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் விட்டால் வயிறு குறைவாகத் தின்னும். எந்த ஊர் டீசல் பம்ப் மெக்கானிக்கும் அதைப் புரிந்துகொள்வார். ஸ்டாண்டர்ட் 2000-இலும் உடலும் எஞ்சினும் வேறுவேறு குணம்தான். ஆனால் அங்கே இரண்டும் ஒன்றையொன்று கெடுத்தன. இங்கே ஒன்று கைக்கும் மற்றொன்று பைக்கும் இதம் தந்தது.

2006-இல் அதே ஆலையிலிருந்து வந்த சீடியா எதிர்த்திசையில் போயிற்று. இரண்டு லிட்டர் பெட்ரோல், 115 குதிரைத்திறன். எவல்யூஷன்களின் எஞ்சின் குடும்பமான 4ஜி63-ஐச் சேர்ந்தது, டர்போ மட்டும் இல்லை. சோழவரத்து மரபுக்கு உண்மையான வாரிசு என்று இதையே சொல்ல வேண்டும். எம்.ஆர்.எஃப். அணி இந்திய தேசிய ராலிப் போட்டிகளில் சீடியாக்களை ஓட்டியது. உற்சாகத்துக்கு இன்றும் பழைய சந்தையில் இதற்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் நகர நெரிசலில் இதன் தாகம் பெரிது. எஞ்சின் பெரிது என்பது மட்டும் காரணமன்று. நின்று நின்று போகும் சாலையில் பெரிய எஞ்சின் தன் திறனின் சிறு பகுதியில் மட்டுமே இயங்குகிறது. அந்நிலையில் எரிபொருளின் கணிசமான பங்கு எஞ்சினைச் சுழல வைத்திருப்பதற்கே செலவாகிவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரைக் கொண்டு கணக்கிடுவோம். சென்னையிலிருந்து ஒரு வழிக்கு 45 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு 90. மாதம் 25 நாளில் 2,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 225 லிட்டர் வேண்டும். 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 150 போதும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் மாதம் 7,500 ரூபாய், ஆண்டுக்கு 90,000. பழைய காரின் விலையில் பேரம் பேசி ஐந்தாயிரம் குறைத்த மகிழ்ச்சி மூன்று வாரத்தில் கரைந்துவிடும். பயணத்தின் பெரும்பகுதி செங்குன்றத்துக்கு வடக்கே திறந்த நெடுஞ்சாலையில் என்றால் டீசல் லான்சரின் குணம் அதற்குப் பொருந்தும். மாதவரம் நெரிசலிலேயே பாதி நேரம் போகும் என்றால் சிறிய பெட்ரோல் எஞ்சினே ஏற்றது. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கிவிட்டது. விலை இடைவெளியும் பழைய அளவில் இல்லை. லான்சருக்குச் சாதகமாக இருந்த அரசுக் கொள்கை, லான்சர் பழசாவதற்குள் மறைந்துவிட்டது.

நான்காவது கேள்விக்கு இப்போது வருவோம். அதிகத்தூர் ஆலை நிற்கவில்லை. அதன் முதலாளிகள் மாறினார்கள். 2010களின் தொடக்கத்துக்குள் லான்சர் விடைபெற்றது. உத்தரபாராவில் அம்பாசிடர் 2014 மே மாதம் நின்றது. அதே காலத்தில் திருவள்ளூர் ஆலை சில ஆண்டுகள் இசுசு நிறுவனத்துக்கு வண்டிகள் செய்துகொடுத்தது. 2017-இல் சி.கே. பிர்லா குழுமம் பிரான்சின் பிஎஸ்ஏவுடன் கூட்டுச் சேர்ந்தது. அம்பாசிடர் என்ற பெயரும் 80 கோடி ரூபாய்க்கு அதே பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போயிற்று. 2021 முதல் அந்த ஆலையிலிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. கட்டடம் இருக்கிறது, வேலை நடக்கிறது. லான்சருக்கு அங்கே யாரும் இல்லை. மிட்சுபிஷியும் இன்று இந்தியாவில் புதிய கார் விற்பதில்லை. ஆலை உயிரோடிருந்தும் கார் அநாதையாகக் கூடும் என்பதே திருவள்ளூர் தரும் செய்தி.

அநாதையான காரை ஆதரிப்பது ஒரு தனி ஒழுக்கம். கதவும் விளக்கும் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, எஞ்சின் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று அலைய நேரம் வேண்டும். வாங்குமுன் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று ரசீதோடு கேட்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும், ஏனெனில் டீசலில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். காலையில் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் புகையைப் பார்க்க வேண்டும். சூடாக்கி வைத்துக் காட்டப்படும் டீசல் எஞ்சின் பாதி உண்மையே பேசும். தரைவிரிப்பைத் தூக்கி வண்டலும், இருக்கைத் தண்டவாளத்தில் துருவும் உண்டா என்று பார்ப்பது 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பின் சென்னைப் பக்கம் கட்டாயம். பெட்ரோல் லான்சரானால், இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்காக அதன் ரப்பர் குழாய்கள் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காகிதங்களும் எஞ்சினுக்கு நிகரானவை. பதினைந்து ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி வேறு. முதற்கால லான்சர்கள் எல்லாம் இருபதைத் தாண்டியவை. தவணைக்கடன் பதிவிலிருந்து நீக்கப்பட்டதா என்று பார்த்து, 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்து வாங்கியபின் முன்பணம் கொடுப்பதே முறை.

ஆகவே தீர்ப்பு என்ன? ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆலை வாசலில் நிற்க வேண்டியவருக்கு லான்சரும் சீடியாவும் வேண்டாம். உற்சாகமும் சிக்கனமும் ஓரளவு சேர்ந்து, செய்தவரும் இன்னும் இந்தியாவில் இருக்கிற ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா போன்றவற்றின் பத்தாண்டுக்கு உட்பட்ட பிரதியைத் தேடுவதே அறிவுடைமை. வீட்டில் வேறு வாகனமோ, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலோ துணைக்கு உண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஓட்டினால் போதும் என்பவர், நல்ல நிலையில் உள்ள லான்சரைத் தயங்காமல் வாங்கலாம். அவர் வாங்குவது போக்குவரத்து வசதியை மட்டுமன்று. தமிழ்நாட்டுக் கைகள் செய்த ஒரு நல்ல பொருளின் மிச்ச ஆயுளை.

அந்த ஆயுள் எல்லையற்றதன்று. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கழிவை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் பல உண்டு. வாங்க ஆளில்லாத பழைய கார்கள் கடைசியில் அத்தகைய உலைகளுக்கே போகின்றன. எத்தனை லான்சர்கள் எவ்வளவு காலம் அந்த உலைக்கு வெளியே இருக்கும் என்பதை இனித் தீர்மானிப்பவர்கள் அவற்றைச் செய்தவர்கள் அல்லர். இரண்டாம், மூன்றாம் கையாக வாங்குகிறவர்களே.