குறைமாதக் குழந்தையின் கண்ணும் கோர்ட்டும்

எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. இதைப் படிக்கும் சென்னைவாசிகளில் சிலராவது அங்கே பிறந்திருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகளாவது பிறந்திருப்பார்கள். ஏழை பாழைகளுக்கு அது செய்திருக்கும் உபகாரத்துக்கு அளவில்லை. அதே ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கின் தீர்ப்பைச் சமீபத்தில் முழுவதுமாகப் படித்தேன். சுப்ரீம் கோர்ட் 2015 ஜூலை 1-ந் தேதி கொடுத்த தீர்ப்பு. பத்திரிகைகளில் தொகைதான் பெரிய எழுத்தில் வந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. அதைச் சொல்ல, நோயின் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் வளர்ந்து முடிகின்றன. குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி பாதியில் நிற்கும். பிறகு சில குழந்தைகளுக்குக் குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். 1942-ல் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் தியோடர் டெரி இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். அடுத்த பத்து வருஷத்தில் பணக்கார நாடுகளில் பார்வையிழந்த குறைமாதக் குழந்தைகள் சுமார் பத்தாயிரம் பேர் என்று ஒரு கணக்கு உண்டு. பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர், 1950-ல் பிறந்தவர்.

வசதி குறைந்த ஊர்களில் இந்த நோய் அவ்வளவாக இல்லை என்பதுதான் வேடிக்கை. நல்ல இன்குபேட்டர் வைத்திருந்த, ஆக்ஸிஜனைத் தாராளமாகக் கொடுத்த ஆஸ்பத்திரிகளில்தான் குழந்தைகள் குருடாயின. மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற பெண் மருத்துவர் 1951-ல் ஆக்ஸிஜனைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று எழுதினார். அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆராய்ந்து 1954-ல் அதை உறுதி செய்தன. உடனே எல்லோரும் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். கண் பிழைத்தது, ஆனால் மூச்சுத் திணறிச் செத்த குழந்தைகள் அதிகமாயின. கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து. டாக்டர்கள் மேல் கோபப்படுமுன் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் கோர்ட்டுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் 1978 டிசம்பரில் ஏறக்குறைய மூன்று மாதம் முன்னதாக ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கத் தமனியில் செருக வேண்டிய குழாயை ஒரு இளம் டாக்டர் சிரையில் செருகிவிட்டார். கருவி குறைவாகக் காட்டியது, குழந்தைக்கு ஆக்ஸிஜன் கூடுதலாகப் போனது, கண் போயிற்று. அனுபவம் போதாதவர் என்பது சாக்காகாது என்று அப்பீல் கோர்ட் சொன்னது. ஆனால் 1988-ல் பிரபுக்கள் சபை வேறு கேள்வி கேட்டது: குறைமாதக் குழந்தைக்குக் கண் போக இன்னும் பல காரணங்கள் இருக்கும்போது, ஆக்ஸிஜனால்தான் போயிற்று என்று எப்படிச் சொல்வது? மறுவிசாரணைக்கு உத்தரவாயிற்று. தவறு நடந்தது உண்மைதான். அந்தத் தவறால்தான் கெட்டது என்று நிரூபிப்பது குடும்பத்தின் பொறுப்பு. பிரசவக் காயம் பற்றிய எந்த வழக்கிலும் குடும்பங்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

நம் நாட்டில் அப்போது வழக்குக்குப் போவதே அரிது. சிவில் கோர்ட்டில் ஸ்டாம்பு கட்டி, வருஷக்கணக்கில் அலைய வேண்டும். 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நோயாளி நுகர்வோரா, டாக்டர் என்ன கடைக்காரரா என்று மருத்துவர் சங்கம் சுப்ரீம் கோர்ட் வரை போராடியது. 1995 நவம்பர் 13-ல் தீர்ப்பு: மருத்துவமும் சேவைதான். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடத்துக்கு மட்டும் விலக்கு. சிலரிடமாவது காசு வாங்கும் ஆஸ்பத்திரி என்றால், அங்கே இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் வழக்குப் போடலாம். 1998-ல் இன்னொரு தீர்ப்பு. தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில், குழந்தையும் நுகர்வோர், பெற்றோரும் நுகர்வோர் என்று சொல்லி, குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்குத் தனியாக 5 லட்சமும் உறுதி செய்தார்கள். காசு கட்டியவர் அப்பா, அடிபட்டது குழந்தை என்ற வாதம் அதோடு முடிந்தது.

இனி எழும்பூர் வழக்கு. 1996 ஆகஸ்ட் 30-ந் தேதி, 29-வது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். அது சின்னக் காரியமில்லை. செப்டம்பர் 23-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்டோபர் 30-ல் திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோதும் கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. நாலரை மாதக் குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போட வந்த இடத்தில் வேறொரு டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. அதற்குள் நோய் முற்றிவிட்டது. அப்பா அமெரிக்கா வரை கொண்டுபோனார். பார்வை வரவில்லை.

நுகர்வோர் தேசிய ஆணையம் டில்லி எய்ம்ஸ் மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டது. அவர்கள் சொன்னதன் சாரம் இது: குறைமாதக் குழந்தை இந்த நோயோடு பிறப்பதில்லை. பிறக்கும்போது விழித்திரை அதன் வயதுக்குச் சரியாகத்தான் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் நோய் தலைகாட்டும். அப்போது பரிசோதித்தாக வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்பும் விதி ஏறக்குறைய இதேதான்.

எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் இதுதான். ஆக்ஸிஜன் கூடிற்றா குறைந்ததா, எது காரணம் என்ற அந்த எசெக்ஸ் முடிச்சுக்குள் நம் கோர்ட் சிக்கிக்கொள்ளவில்லை. நோய் எதனால் வந்திருந்தாலும், வரக்கூடும் என்று தெரிந்த குழந்தைக்கு ஏன் கண் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி ஏன் அனுப்பவில்லை என்று கேட்டது. குளிர்வித்துச் செய்யும் சிகிச்சை பார்வையைக் காப்பாற்றும் என்று 1988-லேயே அமெரிக்க ஆய்வு காட்டியிருந்தது; பின்னால் லேசரும் வந்தது. நேரத்தில் பார்த்திருந்தால் வழி இருந்தது. செய்த தவறை நிரூபிப்பதைவிட, செய்யாமல் விட்டதை நிரூபிப்பது இங்கே சுலபமாயிற்று. டிஸ்சார்ஜ் காகிதம் ஒன்றே பாதி சாட்சி.

தேசிய ஆணையம் 2009-ல் 5 லட்சம் கொடுத்தது. பார்வையற்ற ஒரு வாழ்நாளுக்கு ஐந்து லட்சம்! சுப்ரீம் கோர்ட், விலைவாசி ஏறுவதையும் கணக்கில் எடுத்து, மேற்கொண்டு ஆகப்போகும் செலவுக்கு 1 கோடியே 38 லட்சம், ஏற்கனவே ஆன மருத்துவச் செலவுக்கு 42 லட்சத்துச் சொச்சம் என்று 1.8 கோடி கொடுத்தது. பெரும்பங்கை அரசும் ஆஸ்பத்திரியும் கட்ட வேண்டும். மீதி இரண்டு டாக்டர்கள்.

பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருக்கிறோம். அதனால் சிலவற்றை எழுதி வைக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் கெடு; தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிப்பார்கள். வக்கீல் கட்டாயமில்லை. முழு இலவச அரசு ஆஸ்பத்திரி என்றால் சிவில் கோர்ட் உண்டு, ஐகோர்ட்டில் ரிட்டும் உண்டு. போலீஸ் கேஸ் என்று ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மிகப் பெரிய அலட்சியம் இருந்தால்தான் குற்றம் என்று 2005-லேயே சுப்ரீம் கோர்ட் வரையறுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் முதல் வேலை கேஸ் ஷீட் நகல் வாங்குவது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று வருஷம்தான் வைத்திருக்கக் கட்டாயம் என்பதும் அதே விதி. ஆகவே ஆறப்போடக் கூடாது.

கண் பரிசோதனைக்கு இன்றைய இந்திய அளவுகோல், இரண்டு கிலோவுக்குக் குறைவான எடை, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறப்பு. பிறந்து நான்கு வாரத்துக்குள் முதல் பரிசோதனை. மிகச் சின்னக் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தீட்டு கழியட்டும், நாற்பது நாள் போகட்டும் என்று வெளியே எடுக்காமல் வைத்திருப்பது நம் வீடுகளில் பழக்கம். இந்த ஒரு பரிசோதனைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

தீர்ப்பு வந்த அன்று அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது.