கம்பாத் நகரத்துக் கல்மணிகள்



சிவந்த மணி என்றதும் பவளமே நம் நினைவுக்கு வருகின்றது. கடலிற் பிறக்கும் அப்பவளத்தின் நிறத்தைத் தானும் கொண்டு, மண்ணிற் பிறக்கும் கல்லொன்று உண்டு. தொல்பொருள் ஆய்வாளர் அதனைச் சூதுபவளம் என வழங்குவர். அகேற் என்பதும் ஜாஸ்பர் என்பதும் அதன் உடன்பிறப்புகள். மூன்றும் சிலிக்கா என்னும் பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் செறிந்து உண்டானவை. பட்டை பட்டையாக வரி காட்டுவது அகேற். இரும்புக் கலப்பு மிகுந்து ஒளி புகாதிருப்பது ஜாஸ்பர். ஒளி கசியும் செந்நிறமுடையது சூதுபவளம். இவற்றுள் எதனையும் எஃகுக் கத்தியாற் கீற முடியாது. அத்தகைய கடுங்கல்லில் ஊசி நுழையும் துளையிட்டு, நூலிற் கோத்து, கழுத்தில் அணியும் கலை நமது துணைக்கண்டத்தில் நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றது. அக்கலையின் வரலாற்றையும், அதனைச் செய்த மனிதரின் நிலையையும் இன்று சிறிது நோக்குவோம்.

குசராத்து மாநிலத்திலே, கடல் உள்வாங்கிய வளைகுடா ஒன்றின் தலையிலே கம்பாத் என்னும் பழம்பதி உள்ளது. காம்பே என்று ஐரோப்பியர் அழைத்தது இதனையே. மணிக்குப் பேர்போன இந்நகரில் மணிக்கல் விளைவதில்லை. கல் விளையுமிடம் நருமதையாற்றின் தென்புறத்தே, இராசபீப்லாக் குன்றுகளின் அயலிலுள்ள இரத்தன்பூர்.

ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரந்து உறைந்தது. உறையும்போது அதனுள் அகப்பட்ட ஆவிக் குமிழிகள் வெற்றிடங்களாயின. சிலிக்கா கரைந்த நீர் அவ்வெற்றிடங்களிற் கசிந்து, படலத்தின்மேற் படலமாகப் படிந்து இறுகியதே அகேற். பின்னர்ப் பாறை சிதைய, சிதையாத இக்கற்களை ஆறுகள் உருட்டிக்கொண்டு சென்று சரளைப் படுகைகளிற் சேர்த்தன. அப்படுகைகளை நாடியே கல் பொறுக்குவோர் குழி தோண்டினர். தோண்டியெடுத்த கல் பார்வைக்கு அழகற்றது. பழுப்பு மேலோடு போர்த்த உருளைக்கிழங்கு போன்றது. ஆகவே ஒரு மூலையிற் சிறு செதிள் தட்டிப் பார்த்தே அதன் உள்ளியல்பை அறிவர். வெடிப்புள்ளது குழியருகிலேயே எறியப்படும்.

அக்குன்றின்மேல் பாபா கோர் என்னும் இசுலாமியப் பெரியாரின் அடக்கத்தலம் இருக்கின்றது. அவர் அபிசீனியாவிலிருந்து வந்தவர் என்றும், மணித்தொழிலைத் தழைக்கச் செய்தவர் என்றும் மரபு கூறும். ஆபிரிக்க வழிவந்த சித்தி மக்கள் அவரைத் தம் முன்னோராகப் போற்றுகின்றனர். தொழில் அவருக்கு மிக முற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கல்லும் கடலும் ஆபிரிக்காவும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பதை இம்மரபைவிடத் தெளிவாகச் சொல்லும் சாசனம் வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இனி, நேயர்கள் ஊன்றிக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று. சூதுபவளத்தின் சிவப்பை மண்ணிலிருந்து அப்படியே எடுத்ததாகப் பலரும் எண்ணுவர். குழியிலிருந்து வரும் கல் பெரும்பாலும் மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். அதனை முதலில் வெயிலிற் பல நாள் காயவைப்பர். பின்னர் மண்பானையில் இட்டு, சாணமும் மரத்தூளும் போன்ற மெல்லெரி பொருள்களைச் சூழ அடுக்கி, இரவு முழுவதும் புகைந்தெரிய விடுவர். கல்லிலுள்ள நீரோடு கூடிய இரும்புத் துரு வெப்பத்தால் நீரை இழந்து செந்நிறம் பெறுகின்றது. மண்ணிறச் செங்கல் சூளையிற் சிவப்பதும் இதே நியாயத்தால்தான். தீ சற்று விரைந்தால் கல் வெடிக்கும். பானையைச் சூட்டோடு திறந்தாலும் வெடிக்கும். வேண்டிய நிறம் வரும்வரை மீண்டும் மீண்டும் சுடுவதுமுண்டு. இப்பொறுமையை எந்த நூலும் கற்பித்ததில்லை; தந்தையிடமிருந்து மகன் கண்டு பழகியது.

சுட்டு ஆறிய கல்லைச் செதுக்கும் முறையும் வியப்புக்குரியது. கூரிய இரும்புமுளை ஒன்றை நிலத்திற் சாய்வாக நாட்டி, அதன் முனையிற் கல்லை ஒட்டிப் பிடித்து, எருமைக்கொம்பாலாகிய சுத்தியலால் மேலிருந்து தட்டுகின்றனர். அடி விழுவது மேலே. செதிள் தெறிப்பது கீழே, முளை தொட்ட இடத்தில். இரும்புச் சுத்தியலின் வன்மை கல்லை நொறுக்கிவிடும். கொம்பின் மென்மையே அதனை வசப்படுத்துகின்றது. இவ்வாறு உருவம் பெற்ற மணியைத் தேய்த்து, வில்லாற் சுழலும் துறப்பணத்தின் நுனியில் வைரச் சில்லுகளைப் பதித்து, நீர் சொட்ட விட்டுக்கொண்டே துளைப்பர். ஒரு பக்கத்திலிருந்து பாதி, மறுபக்கத்திலிருந்து பாதி. இரு துளைகளும் கல்லின் நடுவிற் சந்திக்க வேண்டும்.

வைரம் அறியாத சிந்துவெளி மக்கள் என் செய்தனர்? 1935–36இல் சன்குதாரோவை அகழ்ந்த ஏர்னஸ்ற் மக்கே அங்கே மணிப்பட்டறைகளையும் கற்றுளைக் கருவிகளையும் கண்டெடுத்தார். அக்கருவிகள் தனித்தன்மையுள்ள ஒருவகைக் கடுங்கல்லால் ஆனவை. கெனோயர், விடாலே என்னும் ஆய்வாளர் பிற்காலத்தில் அக்கல்லுக்கு ஏர்னஸ்றைற் எனப் பெயரிட்டு மக்கேயின் நினைவைப் போற்றினர். அத்தகைய கருவியால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் ஆழமே துளைக்க முடியும் என்று செய்முறைச் சோதனைகள் காட்டின. ஆறு சென்றிமீற்றர் நீளமுள்ள மணி ஒன்றுக்குத் துளையிட மட்டும் இருபத்துநான்கு மணி நேர உழைப்பு! 1955ஆம் ஆண்டு முதல் அகழப்பட்ட லோதல் துறையிலும் மணிப்பட்டறையும் சூளையும் வெளிப்பட்டன. லோதல் இருப்பது கம்பாத் வளைகுடாவின் அயலிலேதான். கம்பாத்துக் கைவினைஞரின் முறைகளை அருகிருந்து கண்ட பின்னரே, அகழ்ந்தெடுத்த கழிவுச் செதிள்களின் பொருளை ஆய்வாளர் செவ்வனே உணர முடிந்தது.

அம்மணிகள் சென்ற தூரம் பெரிது. மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளை 1920களில் அகழ்ந்த லெனாட் வூலி, சிந்துவெளி நீள்மணிகளை அங்கே கண்டார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுந்த செங்கடற் செலவு நூல், பைத்தானிலிருந்து வரிக்கற்கள் வண்டிகளிற் பரிகாசா என்னும் பரூச் துறைக்கு வந்ததைக் குறிக்கின்றது. தமிழகத்துக் கொடுமணலிற் சூதுபவள மணிகளும் செய்து முடியாத கற்களும் கிடைத்துள்ளன. அக்கல் குசராத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. நம் ஈழத்து மாதோட்டத்திலே 1980 தொடக்கம் 1984 வரை நிகழ்ந்த அகழ்வுகளிலும் சூதுபவள மணிகள் வெளிப்பட்டன. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய போர்த்துக்கேயர் துவார்த்தே பார்போசா, இக்கல் கிடைக்கும் ஊரையும் அங்கு அதனை வெட்டி மோதிரமும் மணியும் செய்வதையும் குறித்துச் சென்றார்.

கம்பாத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் போட்டியொன்று எழுந்தது. அது வந்த திசை எவரும் எதிர்பாராதது. ஜேர்மனியின் இடார், ஒபர்ஸ்ரைன் என்னும் ஊர்கள் தம் மலைகளில் எடுத்த அகேற்றையும் ஜாஸ்பரையும் பல நூற்றாண்டாகத் தீட்டி வந்தன. உள்ளூர்க் கல் அருகியபோது அங்கிருந்து பலர் தென்னமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வாறு சென்றோர் பிறேசிலின் தென்கோடியில் அகேற் குவிந்து கிடக்கக் கண்டனர். அது கப்பலின் அடிப்பாரமாக மலிவாக ஐரோப்பா வந்தது. சாயமேற்றும் வித்தையையும் ஜேர்மானியர் கைக்கொண்டனர். ஒருவகை ஜாஸ்பருக்கு நீலமூட்டி விலையுயர்ந்த நீலக்கல்லின் பெயரில் விற்றதுமுண்டு. கம்பாத் மணிகளின் வடிவங்களைப் பார்த்துச் செய்து ஆபிரிக்கச் சந்தைக்கும் அனுப்பினர். அங்கே தொழிலாளர் மரத்தாங்கியிற் குப்புறப் படுத்து, நீராற் சுழலும் பெரும் மணற்கற் சக்கரத்தில் நாள் முழுவதும் கல்லை அழுத்தினர். ஈரத்தாலும் தூசியாலும் நெஞ்சுநோய் அவர்களை வாட்டியது.

அந்நோயே கம்பாத்திலும் காத்திருந்தது. மின்சாரத்தாற் சுழலும் சாணைச் சக்கரம் வந்தபின் வேலை விரைந்தது. அதனோடு மாவினும் நுண்ணிய சிலிக்காத் தூசியும் பெருகியது. அத்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகி மூச்சை மெல்ல மெல்ல அடைக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்குத் தீர்க்கும் மருந்தில்லை. காசநோயும் எளிதிற் கூடிக்கொள்ளும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழிற்சுகாதார நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழிலாளரை ஆராய்ந்தது. சாணை பெரும்பாலும் வீட்டிலேயே சுழல்வதால், சக்கரத்தைத் தொடாத மனைவி மக்களும் அயலவரும் அத்தூசியையே சுவாசிக்கின்றனர் என்பதும் ஆய்வுகளில் வெளிப்பட்டது. சக்கரத்தின் வாயிலேயே தூசியை உறிஞ்சி வெளியேற்றும் பொறியொன்றை அந்நிறுவனத்தார் வகுத்தனர். தீட்டுவோர் கூலி பெறுவது தீட்டிய கல்லின் கணக்குக்கே. பொறியைப் பூட்டவும் பேணவும் ஆகும் செலவைத் தாங்க வேண்டியவர் யார் என்பதே அவ்வீடுகளில் எழுந்த கேள்வி.