சுருங்கிய குடலும் ஒரு குழந்தையின் வாழ்வும்

பிள்ளை பிறந்த வீட்டிலே பாட்டிமார் தவறாது கேட்கும் கேள்விகள் இரண்டு. பால் குடித்ததா என்பது ஒன்று. மலங் கழித்ததா என்பது மற்றொன்று. பின்னையதைக் கேட்டு முகஞ் சுளிப்பாருமுண்டு. ஆயினும் குழந்தை வைத்தியர் இன்றும் விடாது கேட்பது அதனையே. நிறைமாதக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானவை பிறந்து 48 மணித்தியாலத்துள் கரும்பச்சை நிறமான முதல் மலத்தைக் கழித்துவிடும். அது தாமதித்து, வயிறும் ஊதி, பச்சை நிற வாந்தியுங் கண்டால், வைத்தியரின் ஐயம் ஒரு நோயின்மேற் செல்லும். ஏறக்குறைய 5,000 பிறப்புகளுக்கு ஒன்றாக அது காணப்படுகிறது.

அந்நோய்க்குத் தம் பெயரை ஈந்தவர் ஹரல்ட் ஹிர்ஷ்ஸ்புரூங் என்னும் டென்மார்க்கு நாட்டு வைத்தியர். புகையிலை வாணிகத்தாற் செல்வம் பெற்ற குடும்பத்திலே 1830 இற் பிறந்து, குலத்தொழிலை விடுத்து வைத்தியத்தை நாடியவர். கொப்பன்ஹேகன் நகரில் அரசி லூயிசாவின் பெயரால் எழுந்த சிறுவர் வைத்தியசாலையின் தலைமை வைத்தியராயிருந்தார். கட்டில்களின்மேல் வேதவாக்கியங்களை மாட்ட அரசி விரும்பினார் என்றும், நோயுற்ற குழந்தைக்கு மிருகங்களின் படங்களே மகிழ்வு தரும் என்று இவர் மறுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். 1886 இல் பேர்ளின் நகரிற் கூடிய குழந்தை வைத்தியர் சபையில், ஒரு வயது நிறையுமுன் மாண்ட இரு குழந்தைகளின் வரலாற்றை அவர் எடுத்துரைத்தார். இருவரது பெருங்குடலும் மிக விரிந்து தடித்திருந்தன.

விரிந்த பகுதியே நோயுற்ற பகுதி என்று உலகம் நம்பிற்று. நம்பியதிற் குற்றமில்லை, கண்ணுக்குத் தெரிந்தது அதுவே. ஆதலால் சத்திரவைத்தியர் வீங்கிய குடலை வெட்டி அகற்றினர். சிலர் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தனர். குழந்தைகளோ மீண்டும் மீண்டும் அதே துன்பத்துக்குள்ளாயின. குடலின் கீழ்ப்பகுதியில் நரம்புக்கணுக்கள் இல்லாமையை 1901 இலேயே ஒருவர் எழுதிவைத்திருந்தும், அதனைப் பொருட்படுத்தினார் இலர்.

உண்மையைக் காட்டியது குழந்தைகளின் நடப்பே. பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையிலே 1940 களில் ஓர்வார் ஸ்வென்சன் என்னும் சத்திரவைத்தியர் ஒன்றைக் கவனித்தார். வயிற்றிலே துவாரமிட்டு மலத்தை அவ்வழியே வெளியேற்றிய குழந்தைகள் பசியெடுத்து உண்டனர், உடல் தேறினர். சுகமாயிற்று என்றெண்ணித் துவாரத்தை மூடியதும் பழைய வேதனை திரும்பிற்று. அவ்வாறாயின் மேலே வீங்கியிருக்கும் குடல் குற்றமற்றது. கீழே பார்வைக்குச் சாதாரணமாய், சுருங்கிக் கிடக்கும் சிறு பகுதியே அசையாது வழியை அடைக்கிறது! அப்பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழிழுத்து, மலவாயிலுக்குச் சற்று மேலே பொருத்தும் முறையை முதலில் நாய்களிற் பரிசோதித்து, பின்னர் குழந்தைகளுக்குச் செய்து, 1948 இல் வெளியிட்டார். அதே ஆண்டில் வேறு ஆய்வாளரும் கீழ்ப்பகுதியில் நரம்புக்கணுக்கள் இல்லாமையை உறுதிப்படுத்தினர்.

உயிர் காக்கப்பட்டது. ஆனால் குழந்தை என்பது குடல் மாத்திரமா? அக்காலத்து வைத்தியசாலைகள் பலவற்றில் தாய் தன் பிள்ளையைக் காண்பதற்கும் நாளும் நேரமும் வரையறுத்திருந்தனர். அழாத பிள்ளை நல்ல பிள்ளை என்றனர் தாதியர். இங்கிலாந்திலே ஜேம்ஸ் ரொபேட்சன் என்பார், வைத்தியசாலையில் தனித்துவிடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்து 1952 இற் காட்டினார். அவ்வமைதி சுகத்தின் அமைதியன்று என்பதைப் பலரும் அப்போதுதான் கண்டனர். வைத்தியர் சிலருக்குக் கோபமும் வந்தது. 1959 இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கவும், இளங்குழந்தையோடு தாய் தங்கவும் இடமளிக்க வேண்டுமென்றது. மாதக்கணக்காகச் சிகிச்சை பெற்ற குடல்நோய்க் குழந்தைகளுக்கு இதனினும் பெரிய உதவி வேறென்ன?

சத்திரசிகிச்சையும் மெல்ல மென்மையாயிற்று. 1998 இல் மெக்சிக்கோ நாட்டு வைத்தியர் இருவர், வயிற்றைக் கீறாது மலவாயில் வழியாகவே குடலை இழுத்துப் பொருத்தும் முறையை வெளியிட்டனர். வயிற்றிலே தழும்பு இல்லை. எனினும் சில பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும், அறியாமல் மலங் கசிதலும் ஆண்டுக்கணக்கிற் தொடர்கின்றன. வகுப்பறையிலே பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தும்போது அச்சிறுவன் படும் வேதனை எந்தக் கதிர்ப்படத்திலும் தெரியாது. ஆகவேதான் இன்று இச்சிகிச்சையின் பயனை அளப்போர், தையல் ஆறிற்றா என்பதோடு நில்லாது, பள்ளிக்குப் போகிறானா, நண்பர் வீட்டிற் தங்குகிறானா என்றும் விசாரிக்கின்றனர்.

ஸ்வென்சன் தாம் வகுத்த முறையின் பயனை முதல் வெற்றியோடு விட்டுவிடவில்லை. அதன் 40 ஆண்டுக் கால முடிவுகளைத் தொகுத்த ஆய்வொன்று 1989 இல் வெளியாயிற்று; அதில் அவரும் பங்குகொண்டார். 2012 இல், தமது 103 ஆவது வயதில் அவர் காலமானார். அவர் கத்தி பிடித்த முதற் பிள்ளைகளின் வயதொத்தவர்கள் அப்பொழுது அறுபதைக் கடந்திருந்தனர்.