கிணற்றடியின் விதி: கூட்டுக் குடியிருப்பின் இலக்கணம் குறித்து

கோஹவுசிங் என்று மேலைநாட்டார் அழைக்கும் கூட்டுக் குடியிருப்பைக் கேள்விப்பட்டதும், இது நம் வளவு வீடுதானே என்று சொல்லத் தோன்றுவது இயல்பு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே வாசலுக்குள் நான்கைந்து குடித்தனங்களும் நடுவே முற்றமும் பொதுக் கிணறும் துவைகல்லுமாக அமைந்த காம்பவுண்டு வீடுகள் இரண்டு ஊர்களுக்கும் பழக்கமானவை. நெசவாளர் தெருக்களில் பாவு ஆற்றும் வேளையில் தெருவே பொதுத் தொழிற்கூடம் ஆகிவிடும். ஆயினும் இந்த ஒப்புமை பாதி வழிக்குத்தான் துணை வரும் என்பது என் வாதம். முற்றம் கூட்டுக் குடியிருப்புக்கு உதவும், அதை வரையறுக்காது. விரும்பிச் சேர்ந்தவர்கள், அடுப்பையும் வருமானத்தையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, பொதுவானவற்றின் விதிகளைத் தாங்களே வகுத்து, வேலையையும் தாங்களே முறைவைத்துச் செய்வதே அதன் இலக்கணம்.

இந்த வரையறைக்கு வரலாறு துணை நிற்கிறது. டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் குட்மண்ட்-ஹோயர் 1964இல் நண்பர்களோடு தொடங்கிய முயற்சியும், குழந்தைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று போதில் கிரே 1967இல் எழுதிய கட்டுரையும் சேர்ந்து விளைவித்தவையே முதல் குடியிருப்புகள். 1972இல் மக்கள் குடியேறிய சேத்தடாமனில் 27 குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முழுச் சமையலறை உண்டு. அதற்குமேல் சேர்ந்து சமைத்து உண்ணப் பொது வீடும் உண்டு. இந்த இரட்டை அடுப்புதான் நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பொதுவான சமையலறையில் உண்போரையே ஒரு குடும்பமாகக் கணக்கிடுகிறது. நம் பேச்சிலும் உலை வேறானால் குடும்பம் வேறு. கூட்டுக்குடும்பம், தனிக்குடித்தனம் என்ற இரண்டே அறைகள் கொண்ட நம் சொல்லாட்சியில், உலை வேறாகியும் பந்தி ஒன்றாக இருக்கும் இந்த வாழ்வுக்கு இடம் இல்லை. வசதிகளைப் பகிர்ந்தால் போதும் என்போர் ஸ்டாக்ஹோமில் 1935இல் எழுந்த கூட்டு இல்லத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பொதுச் சமையலறையிலிருந்து சாப்பாடு சிறு மின்தூக்கிகளில் வீடுகளுக்கு ஏறியது. சமைத்தவர்களோ கூலிக்கு அமர்த்தப்பட்ட பணியாளர்கள். பிற்காலத்து ஸ்வீடன் பெண்கள் அந்த மாதிரியை விட்டு, குடியிருப்போரே சமைக்கும் முறையை முன்வைத்தார்கள். சமையல் முறை ஆண்களுக்கும் வரவேண்டும் என்பதே அந்த மாற்றத்தின் உயிர்.

இந்த அளவுகோலோடு ஊருக்குத் திரும்புவோம். காம்பவுண்டு வீட்டில் முற்றம் பொது, அடுப்பு தனி. கிணற்றடியில் யார் எப்போது துவைக்கலாம் என்பதைக் குடித்தனக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறுதிச் சொல் வீட்டுக்காரருடையது. வாடகையை உயர்த்துவதும் காலிசெய்யச் சொல்வதும் அவர் கையில். ராஜபாளையத்தின் பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை ஆகிய இடங்களில் சமூகத்தார் கூடும் சாவடிகளில் நேர்மாறான நிலை. பொதுக் காரியங்களைத் தாங்களே கூடி நடத்தும் நெடிய பழக்கம் அங்கே உண்டு. ஆனால் சாவடியின் உறுப்பினராவது பிறப்பால். மூன்றாவதாக, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் திறக்கப்பட்ட முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்தை எடுத்துக்கொள்வோம். 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்ற பங்கீடு, சாதிச் சுவரைத் தெருவிலேயே உடைத்த துணிச்சல். எனினும் யார் யாரோடு வாழ்வது, எப்படிக் கட்டுவது என்பதைத் தீர்மானித்தது அரசு. காம்பவுண்டில் இடம் உண்டு, சாவடியில் ஆட்சி உண்டு, சமத்துவபுரத்தில் பிறப்பைக் கடந்த சேர்க்கை உண்டு. மூன்றும் ஓரிடத்தில் கூடவில்லை.

வரையறை இவ்வளவு இறுக்கமானால் நம் மரபு முழுவதும் வெளியே நின்றுவிடாதா என்று கேட்கலாம். மரபை மதிப்பது வேறு, பெயரை மாற்றிச் சூட்டுவது வேறு. வளவைக் கூட்டுக் குடியிருப்பு என்றழைத்தால், காலிசெய்யச் சொன்ன மாதத்தில் வெளியேறிய குடித்தனக்காரர் கணக்கில் வராமல் போவார். சாவடியை அப்படி அழைத்தால், வாசலுக்கு வெளியே நின்றவர் வராமல் போவார். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. விரும்பிச் சேர்வோர் தம்மைப் போன்றவரையே தேடுவார்கள். டென்மார்க்கிலும் வசதியும் படிப்பும் உடையோரே பெரிதும் சேர்ந்தார்கள். நம் ஊரில் விருப்பம் என்பது சாதியின் மறுபெயராகிவிடும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் உறுப்பினர் விதியை உறுப்பினரே எழுதும் இடத்தில் அந்த விதியைக் கேள்வி கேட்கவும் திருத்தவும் முடியும். சமத்துவபுரத்தின் பங்கீட்டை ஒரு குழு தானாக ஏற்று எழுதிக்கொள்ளவும் தடையில்லை. பிறப்பு விதிக்குத் திருத்தம் கிடையாது.

எஞ்சுவது சட்டக் கேள்வி. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டங்கள், 1994ஆம் ஆண்டினதும் அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டினதும், கட்டி முடித்த வீட்டை வாங்கியவர்களைச் சங்கமாக்குகின்றன. அங்கே சுவர் முந்துகிறது, உறவு பிந்துகிறது. கூட்டுக் குடியிருப்புக்கோ மனை வாங்குமுன்பே குழு வேண்டும். 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் வீட்டுவசதிச் சங்கமாகப் பதிந்துகொள்வதே அதற்கு நெருங்கிய வழி. ராஜபாளையத்தில் பத்திருபது குடும்பங்கள் இதற்கு முன்வந்தால், வரைபடத்துக்கு முன் அவர்கள் எழுத வேண்டியது சங்கத்தின் துணைவிதிகளை. அதிலும் முதலில், பொது அடுப்பில் யார் எந்த நாள் சமைப்பது என்பதை.