ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிக்கலா? நம்ம சீமையிலேயே பதில் இருக்கு



பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "சார், மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறா. ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல் ரெண்டும் ஒண்ணுதானே?" ரெண்டும் வேறம்மா. அவளுக்குச் சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டேன். விரிவான பதில் எல்லாருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு லண்டன் போக வேண்டாம், நம்ம திருநெல்வேலிச் சீமையே போதும்.

முதலில் கால்டுவெல் ஐயர். 1838-ல் சென்னையில் வந்து இறங்கினார். 1841-ல் இடையன்குடிக்கு வந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தார். அவர் எழுதியவற்றில் இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொள்வோம். 1881-ல் வந்தது திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாறு. ஆதிகாலம் தொட்டு 1801-ல் இந்தச் சீமை ஆங்கிலேயர் கைக்குப் போனது வரை சொல்கிறது. கடந்த காலத்தைப் பற்றிப் பேசுவதால் அது ஹிஸ்டாரிக்கல் புத்தகம். 1856-ல் வந்தது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். தமிழும் அதன் உறவு மொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று விரிவாக நிறுவியது. அதற்குப் பிறகு தமிழைப் பற்றிய பேச்சே மாறிப்போனது. வரலாற்றையே திருப்பியதால் அது ஹிஸ்டாரிக் புத்தகம். எழுதியவர் ஒருவர்தான், அடைமொழி மட்டும் வேறு. வரலாற்றைப் பற்றியது ஹிஸ்டாரிக்கல், வரலாற்றில் இடம் பிடித்தது ஹிஸ்டாரிக். இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அடுத்த ஜோடி எகனாமிக், எகனாமிக்கல். இரண்டுக்கும் வேர் ஒன்றே: வீட்டு நிர்வாகம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். இன்று எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது.

இதற்கு வ.உ.சி.யின் கப்பலை விட நல்ல பாடம் கிடையாது. 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். அன்றைக்குத் தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தான். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் ஓடத் தொடங்கியதும், அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரன் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் குடையும் கொடுத்தான் என்று நம்ம பக்கம் இன்றும் சொல்வார்கள்.

இதில் பயணிக்குக் கிடைத்தது எகனாமிக்கல் டிக்கெட். கம்பெனிகளுக்கு நடுவே நடந்தது எகனாமிக் போர். காசு மிச்சம் என்று எதிரிக் கப்பலில் ஏறியவர் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் போரில் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார். 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக நினைக்கிறவனுக்கு, மலிவாகக் கிடைத்த டிக்கெட்டுக்குப் பின்னால் இருந்த நோக்கம் பிடிபடாது. இன்றைக்கு ஆஃபர் பார்த்துப் பொருள் வாங்குகிற நமக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது ஜோடி கிளாசிக், கிளாசிக்கல். தன் வகையில் தலைசிறந்து காலத்தைத் தாண்டி நிற்பது கிளாசிக். பழைய சினிமாவுக்கும் சொல்லலாம், கிரிக்கெட் மேட்சுக்கும் சொல்லலாம். கிளாசிக்கல் என்றால் தொன்மையும் மரபும் கொண்டது. கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் ஆகியவற்றுக்கு வழங்கிய சொல் அது. அந்த வரிசையில் தமிழும் உண்டு என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் கடிதம் எழுதினார். 2004-ல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. பெற்றது கிளாசிக்கல் என்ற தகுதி. அந்த இடத்தில் கிளாசிக் என்று எழுதினால் அது வெறும் பாராட்டாகிவிடும்.

"அப்போ ஐசிஏஎல் வந்தால் ஒரு பொருள், ஐசி வந்தால் ஒரு பொருள் என்று சட்டம் உண்டா சார்?" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும், தெரியும். சட்டம் கிடையாது. எலக்ட்ரிக், எலக்ட்ரிக்கல் இரண்டும் மின்சாரத்தைத்தான் சொல்கின்றன. பொலிட்டிகல் அரசியல் சார்ந்தது. பொலிட்டிக் என்றாலோ சமயோசிதம். ஆங்கிலேயர்களே நெடுங்காலம் ஹிஸ்டாரிக்கையும் ஹிஸ்டாரிக்கலையும் மாற்றி மாற்றித்தான் எழுதினார்கள். புழக்கத்தில் மெல்ல மெல்லப் பிரிந்தவை இவை. 1926-ல் வந்த பௌலரின் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதியில் இந்த விகுதிகளுக்கென்றே ஒரு பதிவு உண்டு. பௌலரும் நம்மைப் போல வாத்தியார் வேலை பார்த்தவர்தான். அதனால் குழம்புகிற பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். உதாரணத்தோடு சொல்லிக்கொடுங்கள், மறக்காது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13, திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் தீக்கு இரையாயின, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஹிஸ்டாரிக் நாள் என்றால் அதுதான். ஆனால் ஜங்ஷனில் நிற்கிற பத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. யாராவது ஆவணங்களைத் தேடிப் படித்து எழுதுகிற ஹிஸ்டாரிக்கல் வேலையைச் செய்தால்தான் ஹிஸ்டாரிக் நாள் நினைவில் நிற்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஊர்க்கதைகளையும் எழுதி வையுங்கள். பழைய பத்திரம், கடிதம், போட்டோ எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? ஜங்ஷனையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்துக்கு எந்தச் சொல்? பாலம் கட்டின கதையைச் சொல்லும் கட்டுரைக்கு எந்தச் சொல்? கீழே எழுதுங்கள். பேரன் பேத்திகளும் எழுதலாம். காப்பி அடிக்கக் கூடாது!